புளூமெண்டலில் எட்டரை ஏக்கர்

கொழும்பு வடக்கில் புளூமெண்டல் என்ற பெயரைச் சொன்னால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது பழைய குப்பைமேடுதான். அடுத்து, துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லொறிகள். ரயில் பாதையோரம் நெருக்கியடித்து நிற்கும் தோட்டத்து வீடுகள். துறைமுகத்திலிருந்து கொலன்னாவைக்கு எண்ணெய் கொண்டுபோகும் குழாய்கள் சில இடங்களில் அந்த வீடுகளின் அடியிலேயே ஓடுகின்றன. கிராண்ட்பாஸ், கொட்டாஞ்சேனை, மட்டக்குளி என்று எந்தப் பக்கம் போனாலும் அரைப் பேர்ச்சஸ் நிலத்துக்காக அண்ணனும் தம்பியும் வழக்காடும் பகுதி இது.

இங்கேதான் 8 ஏக்கர் 2 ரூட் 21.44 பேர்ச்சஸ் அரச காணி ஒன்று கை மாறியது. அது எப்படிக் கை மாறியது என்று கேட்ட ஒரு நாடாளுமன்றக் குழுவின் கதையையும், அந்தக் குழுவின் தலைமை நாற்காலியில் அமர்ந்த சில அரசியல்வாதிகளின் கதையையும் இந்தப் பகுதி மக்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கேட்கப்பட்டது அவர்களுடைய பணத்தின் கணக்கு.

கொழும்புத் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு எரிபொருள் நிரப்பும் தொழிலை லங்கா மரைன் சேர்விசஸ் என்ற நிறுவனம் செய்துவந்தது. அது இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்குச் சொந்தமானது. எண்ணெய்த் தாங்கிகள், குழாய்கள், புளூமெண்டல் காணி எல்லாம் அந்தத் தொழிலோடு சேர்ந்தவை. 2002 ஓகஸ்டில் அதன் 90 சதவீதப் பங்குகள் ஜோன் கீல்ஸ் ஹோல்டிங்ஸ் நிறுவனத்துக்குச் சுமார் 1.2 பில்லியன் ரூபாய்க்கு விற்கப்பட்டன. அரச நிறுவனங்களை விற்பது அந்நாளில் நாட்டின் கொள்கை. விற்பனை வேலைகளைப் பார்த்தது பொது முயற்சிகள் மறுசீரமைப்பு ஆணைக்குழு. அதன் தலைவராக இருந்தவர் பி.பீ. ஜயசுந்தர. பத்திரிகையில் செய்தி வந்தது, போனது. புளூமெண்டலில் குடியிருந்தவர்களுக்குப் பக்கத்து மதிலுக்கு அப்பால் உரிமையாளர் மாறியது தெரிய வழியில்லை.

நான்கு வருடங்கள் கழித்து அந்தக் கோப்பை விஜயதாச ராஜபக்ஷ திறந்தார்.

அவர் சட்டத்தரணி. 2004இல் நாடாளுமன்றத்துக்கு வந்து, 2006இல் கோப் குழுவின் தலைவரானார். ‘அரசாங்கப் பொறுப்பு முயற்சிகள் பற்றிய குழு’ என்பது அதன் முழுப் பெயர். வானொலியிலும் தேநீர்க் கடையிலும் எல்லோரும் சொல்வது கோப் என்றுதான். 1979இல் உருவானது. மின்சார சபை, பெற்றோலியக் கூட்டுத்தாபனம், துறைமுக அதிகாரசபை, அரச வங்கிகள் போன்ற நிறுவனங்கள் பணத்தை எப்படிச் செலவழித்தன என்று கேட்பது அதன் வேலை. அமைச்சுகளையும் திணைக்களங்களையும் கேட்பதற்கு இன்னொரு குழு இருக்கிறது. ‘கோபா’ எனப்படும் அந்த அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழு பிரித்தானியர் காலத்தில், 1921இலேயே தொடங்கியது.

இரண்டு குழுக்களுக்கும் கேள்விகள் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. கணக்காய்வாளர் நாயகத்தின் திணைக்களம் 1799இலிருந்து இருக்கிறது. அதன் அலுவலர்கள் நிறுவனம் நிறுவனமாகப் போய் வவுச்சர், ஒப்பந்தம், கேள்விப்பத்திரம் எல்லாவற்றையும் புரட்டி அறிக்கை எழுதுவார்கள். அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு குழுவின் உறுப்பினர்கள் நிறுவனத் தலைவரையும் அமைச்சின் செயலாளரையும் அழைத்துக் கேட்பார்கள். தலைவர் அறிக்கையைப் படித்துவிட்டு வந்தால் கூட்டம் சூடாகும். படிக்காமல் வந்தால் தேநீரோடு முடிந்துவிடும். கோப் தலைவர் ஒருவரை மற்றொருவரிடமிருந்து பிரிப்பது பெரும்பாலும் இந்தப் படிப்புத்தான்.

விஜயதாச படித்துவிட்டு வருபவர். அவருடைய குழு 26 நிறுவனங்களை விசாரித்து 2007 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் அறிக்கை வைத்தது. அரச பணம் எங்கெங்கே கசிந்தது என்பதை நிறுவனங்களின் பெயரோடும் அதிகாரிகளின் பெயரோடும் சொன்ன அறிக்கை அது. லங்கா மரைன் விற்பனையும் காப்புறுதிக் கூட்டுத்தாபன விற்பனையும் அதில் இருந்தன. தான் சார்ந்த அரசாங்கம் பதவியில் இருக்கும்போதே இதை எழுதினார் என்பதைக் குறித்துவைக்க வேண்டும். ஆளும் தரப்பில் இருந்துகொண்டு அரச பணத்தின் கணக்கைக் கேட்பதற்கு எதிர்க்கட்சியில் இருந்து கேட்பதைவிடக் கூடுதலான துணிச்சல் வேண்டும்.

ஆனால் கோப் அறிக்கை தீர்ப்பு அல்ல. குழுவால் ஒருவரைத் தண்டிக்க முடியாது, போன பணத்தை மீட்க முடியாது. பரிந்துரை செய்யலாம், அவ்வளவுதான். நாடாளுமன்ற நூலகத்தின் அலுமாரிகளில் இப்படிப்பட்ட பரிந்துரைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. இந்த அறிக்கைக்கும் அதே கதி வந்திருக்கும். வரவில்லை என்றால் அதற்குக் காரணம் வாசுதேவ நாணயக்கார. மூத்த இடதுசாரி, அவரும் சட்டத்தரணி. அறிக்கையை எடுத்துக்கொண்டு நேரே உயர் நீதிமன்றத்துக்குப் போய் அடிப்படை உரிமை மீறல் மனுவைத் தாக்கல் செய்தார். அரச சொத்து பொதுமக்களுக்காக நம்பிக்கையின் பேரில் வைத்திருக்கப்படும் சொத்து. அதை முறைகேடாகக் கொடுத்தால் ஒவ்வொரு குடிமகனின் சமத்துவ உரிமையும் மீறப்படுகிறது. இதுதான் அவருடைய வாதத்தின் சாரம்.

2008 ஜூலை 21ஆம் திகதி தீர்ப்பு வந்தது. பிரதம நீதியரசர் சரத் என். சில்வா எழுதியது. விற்பனை நடந்த விதம் சட்டத்துக்கு முரணானது என்று நீதிமன்றம் கண்டது. புளூமெண்டல் காணிக்குக் கொடுக்கப்பட்ட அரச உறுதி செல்லுபடியாகாது என்று அறிவித்தது. காணியும் எண்ணெய்த் தாங்கிகளும் அரசுக்குத் திரும்பின. அப்போது திறைசேரிச் செயலாளராக உயர்ந்திருந்த ஜயசுந்தர 5 லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்றது. அவர் பதவியை விட்டு விலக நேர்ந்தது. இனி அரச பதவி வகிக்கமாட்டேன் என்று சத்தியக்கடதாசியும் கொடுத்தார். அடுத்த வருடம் ஜூன் 4ஆம் திகதி அதே வாசுதேவவின் இன்னொரு மனுவில் இலங்கைக் காப்புறுதிக் கூட்டுத்தாபனத்தின் விற்பனையே ரத்தானது. 2003இல் சுமார் 6 பில்லியன் ரூபாய்க்குத் தனியாருக்குப் போன நிறுவனம் மீண்டும் அரசிடம் வந்தது.

கணக்காய்வாளரின் குறிப்பில் தொடங்கி, குழுவின் கேள்வியாகி, குடிமகனின் மனுவாகி, நீதிமன்றத் தீர்ப்பில் முடிந்த சங்கிலி இது. இலங்கையின் அரச கணக்கு வரலாற்றில் இந்தச் சங்கிலி முழுதாகக் கோத்து நின்ற சந்தர்ப்பங்கள் மிகக் குறைவு.

நின்ற இடத்திலும் அது இளகியது. சரத் சில்வா ஓய்வு பெற்ற பின், 2009 செப்டெம்பரில், ஜயசுந்தர தன் உறுதிமொழியிலிருந்து விடுபட உயர் நீதிமன்றம் இடம் கொடுத்தது. அவர் திறைசேரிச் செயலாளராகத் திரும்பினார். பத்து வருடங்களுக்குப் பின் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷவின் செயலாளரானார். 2022இல் நாடு கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்தது. கிராண்ட்பாஸில் மண்ணெண்ணெய்க் கேனை வரிசையில் வைத்துவிட்டு இரவெல்லாம் காவல் இருந்தார்கள் மக்கள். அந்தப் பொருளாதார நெருக்கடிக்குப் பொறுப்பானவர்கள் யார் என்று 2023 நவம்பர் 14ஆம் திகதி உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பில் பெயர் சொன்னபோது, ராஜபக்ஷ சகோதரர்களோடும் முன்னாள் மத்திய வங்கி ஆளுநர்களோடும் ஜயசுந்தரவின் பெயரும் இருந்தது. 2008 தீர்ப்பை நாடு கடைசிவரை மதித்திருந்தால் என்ற எண்ணம் இங்கே எழாமல் இராது.

விஜயதாசவின் பாதையும் நேர்கோடு அல்ல. எதிர்க்கட்சி வரிசைக்குப் போனார். 2010இல் ஐக்கிய தேசியக் கட்சியில் கொழும்பு மாவட்ட உறுப்பினரானார். 2015இல் நீதி அமைச்சர். ஹம்பாந்தோட்டைத் துறைமுகத்தைச் சீன நிறுவனத்துக்குக் குத்தகைக்குக் கொடுப்பதை வெளிப்படையாக எதிர்த்ததில் 2017 ஓகஸ்டில் அந்தப் பதவி போயிற்று. 2020இல் ராஜபக்ஷ சகோதரர்களின் மொட்டுக் கட்சி. 2022இல் மறுபடி நீதி அமைச்சர். 2024இல் ஜனாதிபதித் தேர்தலில் நின்று மிகச் சொற்ப வாக்குகளே பெற்றார். இத்தனை கட்சி மாற்றங்களை வாக்காளர்கள் மன்னிக்கவில்லை. அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் ஊழலுக்கு எதிரான 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தை நாடாளுமன்றத்தில் கொண்டுவந்து நிறைவேற்றியவரும் இவர்தான். லஞ்ச ஆணைக்குழுவுக்கு இன்றிருக்கும் அதிகாரங்கள் அந்தச் சட்டத்திலிருந்து வருகின்றன.

அடுத்த கதை கிராண்ட்பாஸின் பெரும்பாலான வீடுகளுக்குள் நேரடியாக நுழைகிறது. ஈ.பி.எஃப். காசு.

கடையில் நிற்கிறவர், தையல் தொழிற்சாலைக்குப் போகிறவர், களஞ்சியத்தில் கணக்கு எழுதுகிறவர், அச்சகத்தில் வேலை செய்கிறவர் என்று எல்லோருடைய சம்பளத்திலும் மாதம் 8 சதவீதம் வெட்டப்படுகிறது. முதலாளி 12 சதவீதம் போடுகிறார். 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அது ஊழியர் சேமலாப நிதியில் சேர்கிறது. மகளின் கல்யாணத்துக்கோ வீட்டுக் கூரைக்கோ என்று மனதில் ஒதுக்கி வைத்த பணம். அதை நிர்வகிப்பது மத்திய வங்கி. நிதியின் பெரும்பகுதியை அது அரச பிணைமுறிகளில் போடுகிறது. பிணைமுறி என்பது அரசாங்கம் எழுதிக் கொடுக்கும் கடன் பத்திரம். குறித்த காலத்துக்குப் பின் முதலைத் தருவேன், அதுவரை வட்டி தருவேன் என்ற வாக்கு. ஏலத்தில் வட்டி கூடினால் பத்திரத்தின் விலை குறையும். குறைந்த விலையில் வாங்கியவர் பிறகு கூடிய விலைக்கு விற்றால் இடையிலுள்ள பணம் அவருக்கு.

2015 பெப்ரவரி 27ஆம் திகதி மத்திய வங்கி 30 வருடப் பிணைமுறியை ஏலத்தில் விட்டது. விளம்பரம் செய்தது 1 பில்லியன் ரூபாய்க்கு. ஏற்றுக்கொண்டது 10 பில்லியன் ரூபாய்க்கு. அதில் பெரும் பங்கு பெர்பெச்சுவல் ட்ரெஷரீஸ் என்ற நிறுவனத்துக்குப் போனது. அது அர்ஜுன் அலோசியஸின் குடும்பத்தோடு தொடர்புடையது. அவருடைய மாமனார் அர்ஜுன மகேந்திரன்தான் அந்த நேரம் மத்திய வங்கியின் ஆளுநர்.

முதலில் இதைத் தோண்டியவர் கம்யூனிஸ்ட் கட்சியின் டியூ குணசேகர. அவர் தலைமையிலான கோப் விசாரணை முடியும் தறுவாயில், 2015 ஜூன் 26ஆம் திகதி இரவு, நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. குழுவும் கலைந்தது. அறிக்கை சபைக்கு வரவில்லை.

தேர்தலுக்குப் பின் அந்த நாற்காலிக்கு வந்தவர் மக்கள் விடுதலை முன்னணியின் சுனில் ஹந்துன்நெத்தி. அவருடைய கட்சிக்கு அந்தச் சபையில் இருந்தது 6 ஆசனங்கள்தான். அவரும் தேசியப் பட்டியலில் வந்தவர். கையில் அமைச்சும் இல்லை, ஆட்பலமும் இல்லை. இருந்தது கணக்காய்வாளர் நாயகம் காமினி விஜேசிங்கவின் அறிக்கை. ஏலம் நடந்த நாளில் யார் எந்த அறைக்குப் போனார்கள், என்ன சொன்னார்கள் என்பதுவரை அதிகாரிகளிடம் கேட்டுப் பதிவுசெய்தது குழு. மாதக்கணக்கில் கூட்டம். உறுப்பினர்களில் பெரும்பாலோர் ஆளும் கட்சிக்காரர்கள். அறிக்கை எழுதும் கட்டத்தில் ஐக்கிய தேசியக் கட்சியினர் தங்கள் மாற்றுக் கருத்துகளை அடிக்குறிப்புகளாகச் சேர்க்க வேண்டும் என்று நின்றார்கள். ‘ஃபுட்நோட்’ என்ற சொல் அன்று முதல் நாட்டின் மூன்று மொழிகளிலும் அரசியல் சொல்லானது. ஹந்துன்நெத்தி விட்டுக்கொடுத்த இடம் ஒன்று. அடிக்குறிப்புகள் அறிக்கையில் இடம்பெற்றன. விட்டுக்கொடுக்காத இடம், ஆளுநர் நேரடியாகப் பொறுப்பு என்ற முடிவு. 2016 ஒக்டோபர் 28ஆம் திகதி அறிக்கை சபைக்கு வந்தது.

இந்த முறை சங்கிலியின் அடுத்த கண்ணி ஜனாதிபதி ஆணைக்குழு. இரண்டு உயர் நீதிமன்ற நீதியரசர்களோடு மூன்றாமவராக அமர்ந்தவர் ஓய்வுபெற்ற பிரதிக் கணக்காய்வாளர் நாயகம் வேலுப்பிள்ளை கந்தசாமி. வாழ்நாள் முழுதும் அரச கணக்கைப் பார்த்த தமிழர். ஆணைக்குழுவின் சாட்சியங்கள் தினமும் பத்திரிகைகளில் வந்தன. கிராண்ட்பாஸ் வீதி 185ஆம் இலக்கத்திலிருந்து 1930 முதல் வெளிவரும் வீரகேசரி போன்ற நாளிதழ்கள் அந்த மாதங்களில் பிணைமுறி என்ற சொல்லை வீட்டுச் சொல்லாக்கின. நிதியமைச்சராக இருந்து பின் வெளிநாட்டமைச்சரான ரவி கருணாநாயக்க ஆணைக்குழுவில் சாட்சியமளித்த பின் 2017 ஓகஸ்ட் 10ஆம் திகதி பதவி விலகினார். தவறு செய்யவில்லை என்றே அவர் சொன்னார். அவர் கொழும்பு வடக்கின் வாக்குகளோடு வளர்ந்தவர் என்பதால் இங்கே அந்தச் செய்தி தெருத்தெருவாகப் பேசப்பட்டது.

ஆணைக்குழு கண்ட கணக்கு இது. பெர்பெச்சுவல் நிறுவனம் 11 பில்லியன் ரூபாய்க்கு மேல் லாபம் பார்த்தது. ஊழியர் சேமலாப நிதி உட்பட அரச நிறுவனங்களுக்கு 8.5 பில்லியன் ரூபாய்க்கு மேல் நட்டம். ஏலத்தில் நேரே வாங்கியிருக்கக்கூடிய பத்திரங்களைச் சேமலாப நிதி பிறகு சந்தையில் கூடிய விலைக்கு வாங்கியது. கடையில் முட்டி வலிக்க நின்றவரின் 8 சதவீதம் அந்த விலை வித்தியாசத்தில் போனது. 2018 பெப்ரவரியில் அலோசியஸ் கைதானார். மகேந்திரன் அதற்குள் சிங்கப்பூர் போய்விட்டார், திரும்பவில்லை.

தமிழ் வாசகர்கள் இந்த வரலாற்றில் தங்கள் பிரதிநிதிகளைத் தேடுவது இயல்பு. அந்த நாடாளுமன்றத்தில் அரசாங்க நிதி பற்றிய குழுவின் தலைவராக இருந்தவர் எம்.ஏ. சுமந்திரன். கோப் நடந்து முடிந்த செலவைக் கேட்கும். நிதிக் குழு வரவு செலவுத் திட்டத்தையும் வரிச் சட்டங்களையும் முன்கூட்டிப் பார்க்கும். தமிழ் அரசியல் என்றால் உரிமைப் பேச்சு மட்டும்தான் என்று நினைப்பவர்கள் அந்தக் குழுவின் வேலையைக் கவனிக்கவில்லை. உரிமையும் நிதியும் பிரிந்தவையும் அல்ல. மன்னார் அதற்குச் சாட்சி. 2022 ஜூனில் சரித ஹேரத் தலைமையில் கூடிய கோப் குழு முன் மின்சார சபைத் தலைவர் எம்.எம்.சி. பெர்டினாண்டோ வந்தார். மன்னார் காற்றாலைத் திட்டத்தை அதானி நிறுவனத்துக்குக் கொடுக்கும்படி இந்தியப் பிரதமர் வற்புறுத்துவதாக ஜனாதிபதி தன்னிடம் சொன்னார் என்று சொல்லிவிட்டார். ஜனாதிபதி மறுத்தார். பெர்டினாண்டோ சொன்னதை வாபஸ் வாங்கி, சில நாட்களில் பதவியும் விலகினார். இந்தப் பெரிய திட்டம் கேள்விப்பத்திரம் இல்லாமல் போகும் விவகாரத்தை மன்னாருக்கு அப்பாலும் பேச வைத்தது அந்த அறையில் கேட்கப்பட்ட ஒரு கேள்வி.

கேள்வி கேட்பவரை மாற்றினால் கேள்வியும் மாறும் என்பது அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். பிரித்தானியாவில் 1861இல் தொடங்கிய கணக்குக் குழுவுக்கு எதிர்க்கட்சி உறுப்பினர் தலைவராவது மரபு. இந்தியாவில் அந்த மரபு 1967இல் வந்தது. இலங்கையில் நிதிக் குழுவுக்கு அது விதியாக எழுதப்பட்டிருக்கிறது, கோப் குழுவுக்கு இல்லை. 2024 மார்ச்சில் ரோஹித அபேகுணவர்தனவை ஆளும் தரப்பு கோப் தலைவராக்கியபோது எதிர்க்கட்சி உறுப்பினர்கள் ஒருவர் பின் ஒருவராகக் குழுவிலிருந்து விலகினார்கள்.

பாக்கு நீரிணைக்கு அப்பால் வேறு வழியில் முயன்றவர் ஒருவரைச் சொல்ல வேண்டும். 2021இல் தமிழ்நாட்டின் நிதியமைச்சரான பழனிவேல் தியாகராஜன், ஓகஸ்ட் 9ஆம் திகதி மாநில நிதிநிலை பற்றி வெள்ளை அறிக்கை வைத்தார். ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய்க் கடன் என்றார். லட்சம் கோடி என்று சொன்னால் யாருக்கும் உறைக்காது. வீட்டுக்கு இவ்வளவு என்றால் அடுப்படிவரை உறைக்கும். 2023இல் அவர் நிதித்துறையிலிருந்து மாற்றப்பட்டார். ஆனால் கணக்கை வீட்டுக்கு வீடு பிரித்துச் சொல்லும் அந்தப் பழக்கத்தை இங்கும் யாராவது எடுத்துக்கொள்ளலாம். பிணைமுறி விவகாரத்தில் ஒரு சேமலாப நிதி அங்கத்தவருக்கு எவ்வளவு போயிற்று என்று சொல்லிப் பார்க்கலாம்.

ஹந்துன்நெத்தி 2020 தேர்தலில் தோற்றார். 2024இல் மாத்தறையிலிருந்து வென்று கைத்தொழில் அமைச்சரானார். அவருடைய அமைச்சின் கீழுள்ள கூட்டுத்தாபனங்கள் இப்போது கோப் குழுவுக்குப் பதில் சொல்ல வேண்டியவை. மேசையின் இந்தப் பக்கம் இருந்தவர் அந்தப் பக்கம் போயிருக்கிறார். அவருடைய அரசாங்கம் கணக்குக் கேட்போம் என்ற வாக்குறுதியில் வந்தது.

அந்த அரசாங்கத்தின் காலத்தில், 2025 ஏப்ரலில், கணக்காய்வாளர் நாயகம் ஓய்வு பெற்றார். அடுத்து யார் என்பதில் ஜனாதிபதிக்கும் அரசியலமைப்புப் பேரவைக்கும் இடையில் உடன்பாடு வரவில்லை. மாதக்கணக்கில் பதில் கடமை பார்ப்பவரோடு திணைக்களம் நடந்தது. விஜயதாசவின் கையிலும் ஹந்துன்நெத்தியின் கையிலும் இருந்த காகிதம் அங்கிருந்துதான் வந்தது. புளூமெண்டல் காணியின் அந்த 21.44 பேர்ச்சஸைக்கூட விடாமல் குறித்து வைத்தவர்கள் அதுபோன்ற அலுவலகங்களின் மேசைகளில் இருந்தவர்கள்தான்.